மூன்றாவது மேசையின் ஆணி

"மிஸ், எங்க ஆணி ஒரு குண்டூசியைக்கூடத் தூக்க மாட்டேங்குது. ஏமாத்துறீங்களா?"

மூன்றாவது மேசையிலிருந்து டக்கரின் குரல். வாயில் சூயிங்கம், கண்ணை மறைக்கும் பேஸ்பால் தொப்பி.

கெண்ட்ரா குனிந்து பார்த்தாள். ஆணியைச் சுற்றிச் செம்புக் கம்பி. கம்பியின் இரண்டு முனைகளும் பேட்டரியில். எல்லாம் சரிதான். மற்ற மேசைகளின் ஆணிகள் குண்டூசிகளை அள்ளிக்கொண்டிருந்தன. இது மட்டும் வெறும் ஆணியாகவே இருந்தது. அவளோ காந்தவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள்.

டென்னசியின் செப்டம்பர் புழுக்கத்தில் ஏசியையும் மீறி அவளுக்கு வியர்த்தது. இன்று சொதப்பினால் இந்த ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேறு வாய்ப்பு இல்லை என்று துறையில் சொல்லியிருந்தார்கள். அவள் ஆசைப்பட்டு, தானாகக் கைதூக்கி வந்தவள்.

"கம்பியில மின்சாரம் ஓடினா, அதைச் சுத்தி ஒரு காந்தப்புலம் உண்டாகும்..."

"ஓடலையே மிஸ்!" இது ஷெல்பி. "பீட்சா எப்போ?"

"மிஸ், பாத்ரூம் போகணும்."

"இப்பதானே போயிட்டு வந்தே, டக்கர்?"

"அது போன தடவை, மிஸ்."

அறையே சிரித்தது. கெண்ட்ராவின் காது சிவந்தது. இன்னும் நாலைந்து பெரிய வார்த்தைகள் கைவசம் இருந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "எனக்கும் தெரியல," என்றாள். "வாங்க, ஒண்ணொண்ணா மாத்திப் பார்ப்போம். முதல்ல பக்கத்து மேசை பேட்டரி."

மாற்றினார்கள். குண்டூசி அசையவில்லை.

"அப்போ பேட்டரி மேல தப்பில்ல. இப்போ கம்பி."

பக்கத்து மேசைக் கம்பியை அதே ஆணியில் சுற்றினார்கள். குண்டூசிகள் துள்ளி ஒட்டிக்கொண்டன.

"ஆக, குத்தவாளி கம்பிதான். முனை எப்படிப் பளபளங்குது பாருங்க! அது செம்பு இல்ல, மேல பூசின வார்னிஷ். மின்சாரம் அதைத் தாண்டாது. அந்தக் கம்பியில முனையைச் சுரண்டியிருக்காங்க, இதுல சுரண்டல. உப்புத்தாள் எடுங்க."

தேய்த்ததும், பழைய கம்பியே குண்டூசிகளை அள்ளியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

துறைத்தலைவர் டக்கர் சூயிங்கத்தைத் தாளில் துப்பிவிட்டு, தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

"சுரண்டாத கம்பியை வச்சது நான்தான். ஒத்திகையில நீ பாஸ், கெண்ட்ரா. திங்கட்கிழமை நிஜமான ஏழாம் வகுப்புப் பசங்ககிட்ட போ. எங்க அளவுக்குப் படுத்த மாட்டாங்க."