ஊதாத விசில்

நிலநடுக்கப் பயிற்சியில் ஏழாம் வகுப்புக்குப் பொற்கொடி டீச்சர் விதித்திருந்த நிபந்தனை ஒன்றுதான்: அவர் விசில் ஊதும்வரை, தலையின் மேல் கோத்த கைகளை எவரும் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் மைதானத்தில் அப்படியே அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய வகுப்பறைச் சுவரில் கை நுழையுமளவுக்கு விரிசல். பழுதுபார்க்கச் சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் அலுத்துவிட்டது. அதிகாரி வரும் நாள்களில் மட்டும் அதன்மேல் இந்திய வரைபடம் தொங்கும். இன்றும் தலைமையாசிரியர் தம் கையாலேயே அதை மாட்டிவிட்டு ஓடி வந்தார்.

“ஜீப் தெருமுனைக்கு வந்தாச்சு டீச்சர். விசில ஊதுங்க, பிள்ளைங்க உள்ள போகட்டும்.”

“அந்த மேப்பக் கழட்டிட்டீங்களா சார்?”

“விளையாடுற நேரமா இது? ஏய், எல்லாரும் எந்திரிங்க! நிலநடுக்கம் முடிஞ்சு போச்சு.”

முன்வரிசையிலிருந்த நஸ்ரின் கையை இறக்காமலே சொன்னாள்: “இன்னும் முடியல சார். டீச்சர் ஊதலையே.”

கொல்லென்று சிரிப்பு எழுந்து அடங்கியது. ஒரு கையும் இறங்கவில்லை. வாயிலில் ஜீப் நுழைந்தது. பொற்கொடி டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிக் கைப்பையில் போட்டு மூடினார். பிறகு தாமும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, தலையின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டார்.