இரண்டு சாண் இடப்பக்கம்

சின்ன ரைபிளின் குறி கெட்டுப்போயிருந்தது. ஆறு தோட்டா போட்டும் எதிரே முயல் உட்கார்ந்தபடி அறுகம்புல் மென்றுகொண்டிருந்தது.

"இன்னைக்கும் கறி இல்லைன்னா உன்னைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்று சொல்லி, ரைபிளைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார் வேட்டைக்காரர் சடையாண்டி. சொன்னால் செய்கிற ஆள். ரைபிளுக்குக் குழல் முழுக்க வியர்த்தது.

பெரிய துப்பாக்கியாக இருந்தால் முதல் வெடிக்கே முயல் ஊர் தாண்டியிருக்கும். இது சுள்ளி முறிகிற சத்தம்தான் போட்டது. அதனால் முயல் ஓடவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. யார் எந்த வேலை செய்தாலும் அதற்குக் குறை சொல்லியாக வேண்டும்.

"என்ன தம்பி, சுடுறியா, தும்முறியா?"

"ஐம்பது தப்படி தூரம் அண்ணே. என் தோட்டாவோ சுண்டுவிரல் நகம் மாதிரி" என்றது ரைபிள்.

"தோட்டா மேல பழி போடாதே. என் உடம்புக்கு அது தாராளம். நீதான் வலப்பக்கம் இழுக்கிறே. ஆறும் அந்தக் கள்ளியிலதான் இருக்கு, பாரு."

"எவ்வளவு தள்ளணும் அண்ணே?"

"இரண்டு சாண் இடப்பக்கம். மூச்சை அடக்கு. பதறாதே. நான் வேணும்னா அசையாம இருக்கேன்."

ரைபிள் அப்படியே செய்தது.

சாயங்காலம் சடையாண்டி அதை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தானே சுடுறே! குறியைச் சரி பண்ணினது யாருடா?"

"அதோ சட்டியில கொதிக்கிறாரே, முயலண்ணன்."