இறங்கக் கூடாத பாதை

கொடைக்கானல் காட்டுப் பாதையில் குதிரைக்காரர்கள் மறுபடியும் போகலாம் என்று பல வருடம் வழக்காடி அனுமதி வாங்கியவர் இன்னாசி. ஒரே ஒரு நிபந்தனை. குதிரையில் வருகிறவர் காட்டுக்குள் தரையில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் எல்லோருடைய அனுமதியும் ரத்து.

முதல் நாள் அவரும் மனைவி பிலோமினாவும் ஆளுக்கொரு குதிரையில் போனார்கள். பாதி வழியில் இன்னாசியின் குதிரை நொண்டியது. வனத்துறை மரத்தில் மாட்டியிருந்த பேசும் காவல் கருவியிடம் கேட்டார்.

"குதிரைக்குக் கால் சுளுக்கிருச்சு. இறங்கிக்கட்டுமா?"

"நடப்பவர்களுக்கு அனுமதி இல்லை," என்றது கருவி.

"இறங்காதீங்க," என்றாள் பிலோமினா. "ஊர்ல எல்லாக் குடும்பமும் இந்தப் பாதையத்தான் நம்பியிருக்கு. மெதுவாப் போயிரலாம்."

கொஞ்ச தூரம் போனார். குதிரை முன்காலை ஊன்ற முடியாமல் நின்று நடுங்கியது. இன்னாசி இறங்கிவிட்டார்.

"அனுமதி ரத்தாகிவிட்டது. நன்றி," என்றது கருவி.

அவர் சேணத்தை அவிழ்த்தார். ஊரில் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பிலோமினாவும் தரையில் நின்றாள்.

"நீ எதுக்கு இறங்குன?"

"யாராச்சும் கேட்டா, ரெண்டு பேரும்தான் இறங்கினோம்னு சொல்லுவோம்," என்றாள். சேணத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தன் குதிரைமேல் ஏற்றினாள்.