பட்டிப்பொல பதில் போடுவார்

கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "மனதுக்குக் கஷ்டமாக் கிடக்கு அண்ணை" என்றான் சிவரூபன். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தச் சின்னக் கடையில் பாதிச் சாமான்கள் ஏற்கெனவே பெட்டிகளுக்குள் போயிருந்தன.

மத்தியாஸ் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காருங்க தம்பி. ஒருத்தருக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்கேன், பாதிதான் முடிஞ்சிருக்கு."

"கடைசி நாளிலயும் வாடிக்கையாளரோ?"

"ஆமா, காசு குடுக்காத வாடிக்கையாளர்" என்றாள் அவர் மனைவி அந்தோனியம்மா, பெட்டிக்குக் கயிறு கட்டியபடி. "குடுக்கிறவங்களத்தான் நீங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்களே."

சிவரூபன் சிரித்து மழுப்பினான். அவள் சொன்னதில் பொய் இல்லை. பறித்த தேயிலைக் கொழுந்தின் எடையிலிருந்து சம்பளம் வரைக்கும் கணக்குப் போடும் மென்பொருளை மத்தியாஸ் வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அதை வைத்துப் பிழைக்கலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்.

தோட்டங்கள் அவருக்குக் காசு கொடுத்தது, கோளாறு வந்தால் பார்த்துக்கொடுப்பதற்கு மட்டும்தான். அதே வேலையைப் பாதி விலைக்குச் செய்கிறேன் என்று சிவரூபன் வந்தான். அக்கரப்பத்தனையில் தொடங்கி, ஒவ்வொரு தோட்டமாக அவன் பக்கம் சாய்ந்தது. நாளைக் காலை ரயிலில் மத்தியாஸ் கொழும்புக்கு, யாரோ ஒருவருடைய கம்பெனிக்கு, வேலைக்குப் போகிறார்.

"ஒண்ணு மட்டும் கேக்கிறேன் தம்பி. அந்த வெலைக்கு எப்படிங்க கட்டுபடியாகுது?"

"நான் புதுசா ஒண்டும் எழுதிறேல்லை அண்ணை. எழுதினால்தானே செலவு. அதைத்தான் நீங்கள் செய்து வைச்சிட்டியளே."

சிவரூபன், விற்பதற்கென்று மிஞ்சியிருந்த அந்தக் கணினியைத் தட்டிப் பார்த்து, ஒரு விலை சொன்னான். ரயில் ஏறுகிற அவசரத்தில் மத்தியாஸ் வேறு ஆள் தேடப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"இதுக்கும் பாதி வெலதானா?" என்றாள் அந்தோனியம்மா.

"விடு புள்ள, குடுத்துருவோம்" என்றார் மத்தியாஸ்.

அப்போது சிவரூபனின் கைபேசி அடித்தது. அக்கரப்பத்தனைத் தோட்ட அலுவலகத்தின் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம். அவர் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"என்னங்க இது, புதுச் சம்பளத்தப் போட்டதுல இருந்து எல்லாருக்கும் கணக்குத் தப்பா வருது. விடிஞ்சா சம்பள நாள், ஆளுக ஆபீச விட்டு நகர மாட்டாங்க. சரியா வரலன்னா எல்லாத் தோட்டத்துல இருந்தும் உங்களத் தூக்கிருவேன்னு பெரிய தொர சொல்லிட்டாரு."

"பதறாதேங்கோ. பின்னேரத்துக்குள்ள சரிவரும்."

அவன் உண்மையிலேயே பதறவில்லை. இணையத்தில் அந்த மென்பொருளுக்கென்று ஒரு கேள்விபதில் பக்கம் இருந்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அவனும் ஏதோவொரு பெயரில்தான் போய்க் கேட்பான். கிளாக்கரைச் சமாதானப்படுத்த, இதுவரை யாரிடமும் சொல்லாததை இன்றைக்குச் சொன்னான்.

"நேற்றே நெற்றில கேட்டுப் போட்டிருக்கிறன் ஐயா. பட்டிப்பொல எண்ட பேரில ஒரு மனிசன் இருக்கிறார். எது கேட்டாலும் விளக்கமா எழுதுவார், ஒரு சதம் கேக்கமாட்டார். அப்பிடியொரு விசர்."

அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்தபடியே கைபேசியை வைத்தான். அந்தோனியம்மாவின் கையில் கயிறு பாதி முடிச்சில் நின்றிருந்தது. மத்தியாஸ் அவனை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு விற்க மனம் வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, சிவரூபன் காசை மேசையில் வைத்தான். "அப்ப, கணினியைக் கழட்டட்டோ அண்ணை?"

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று மத்தியாஸ் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எழுதின பதில் பாதியில நிக்குது. அழிச்சிட்டுத் தர்றேன்."