நொடிக்கொரு கேள்வி

ஊரார் நினைவுகளையெல்லாம் வைத்திருந்த பொதுக் கிடங்கு பழுதானபோது, எல்லோரும் தலைக்குள் பதித்த சில்லு வழியாக அதனிடம் மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, வராத நினைவுகளைத் தலைமுழுகிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணிப்பிச்சை மட்டும் நான்கு நாளாகச் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

பழுது பார்க்க வந்த மைமூன் அவர் மகளிடம், அவளுடைய பெயரைக் கேட்டாள்.

"அதுவும் போயிட்டுக்கா. மூணு தடவ கேட்டேன், வரல, விட்டுட்டேன். அப்பாவ அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிச்சிரலாமா?"

மைமூன் அவர் பிடரியில் கருவியை ஒற்றினாள். கருவியின் திரையில் ஓடிய வரியை இரண்டு முறை படித்தாள்.

"வேண்டாம்மா. இவரு உறைஞ்சு போகல, கேட்டுக்கிட்டே இருக்காரு. நாலு நாளா, நொடிக்கொரு தரம், ஒரே கேள்வி: எம் மவ பேரு என்ன?"

பழுது நீக்கியபோது கிடங்கை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள்; அவர் இன்னும் பழைய முகவரியிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். புதிய முகவரியை அவருக்குள் ஏற்றினாள்.

அந்தோணிப்பிச்சை கண்ணைச் சிமிட்டினார்.

"புளோரா," என்றார்.

நான்கு நாளாகப் பெயரில்லாமல் நின்றவள், "என்னப்பா?" என்றாள்.