மெத்தை பீட்சா

உங்கள் இருவருக்கும் இடையில் ஏதாவது மனஸ்தாபம் உண்டா என்று குழுவின் தலைவி கேட்டார்.

உண்டு என்றார் பிளம்பர்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நகமும் சதையும் போலப் பழகுகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

மருத்துவமனையின் நான்காவது மாடியில் கூடும் அந்தக் குழுவின் வேலையே அதுதான். கொடுப்பவர் மனதாரக் கொடுக்கிறாரா, யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ கூட்டி வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது. அவர்கள் கையெழுத்துப் போடாமல் எந்த மருத்துவரும் கத்தியைத் தொட முடியாது.

என்ன மனஸ்தாபம் என்று தலைவி கேட்டார். நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவில்லை.

பீட்சா விஷயத்தில் என்றார் பிளம்பர்.

தலைவி எதையும் எழுதவில்லை.

பிளம்பர் விளக்கினார். சிறுநீரகத்தைப் பெறப்போகிற அவருடைய மச்சான் துறைமுக ஊர்க்காரர். அந்த ஊரில் பீட்சாவை ஆழமான இரும்புச் சட்டியில் போட்டு, நான்கு விரல் உயரத்துக்கு வேகவைப்பார்கள். சீஸ் அடியில் கிடக்கும், தக்காளி சாஸ் மேலே நிற்கும். கத்தியும் முள்கரண்டியும் இல்லாமல் தின்ன முடியாது. பிளம்பரின் ஊரில் பீட்சா மெல்லியதாக இருக்கும். விளிம்பு மட்டும் உப்பி, அங்கங்கே கருகியிருக்கும். மடித்துப் பிடித்தால் ஒரு கையால் தின்றுகொண்டே நடக்கலாம்.

அதுதான் பீட்சா. மற்றது மெத்தை.

அரைமணி நேரத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். இருவரையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்கள். மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், லேசில் பதறாதவர். பிளம்பரைப் பற்றிக் கேட்டபோது, தங்கமான மனுஷன், ஆனால் நாக்கு செத்தவன், கருகின காகிதத்தை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அதைப் பீட்சா என்பான் என்று சொல்லியிருந்தார். மனநல ஆலோசகர் அதைக் குறித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

இப்போது கேள்விக்குறியை அடித்தார்.

எங்கள் ஊரில் சதுரமாக வெட்டுவார்கள், மூலைத் துண்டுக்கு அடிதடியே நடக்கும் என்று சிறுநீரக மருத்துவர் சொன்னார். தலைவி அவரைப் பார்த்தார். மருத்துவர் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

மச்சானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு இரண்டரை வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். உப்பு கூடாது, சீஸ் கூடாது, தக்காளி கூடாது. ஆக, பீட்சாவில் அவருக்கு மிஞ்சியது அட்டைப் பெட்டி மட்டும்தான்.

அப்படியானால் இன்னும் எதற்குச் சண்டை என்று ஆலோசகர் கேட்டார்.

யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது போல, பிளம்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் மச்சான் அவரைத் துறைமுக ஊர்க்காரர் ஒருவரின் கடைக்குக் கூட்டிப் போவார். சட்டி பீட்சா ஒன்றை வாங்கி முன்னால் வைப்பார். பிளம்பர் தின்ன வேண்டும். மச்சான் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அடிப்பக்கம் மொறுமொறுவென்று வந்திருக்கிறதா, சீஸ் எவ்வளவு தூரம் இழுபடுகிறது, சாஸ் புளிக்கிறதா இனிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு தடவை பாதியில் வைத்துவிட்டதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டரை வருடத்தில் பிளம்பருக்கு ஆறு கிலோ ஏறிவிட்டது. அதைக் குறைத்தால்தான் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிளம்பர் குறைத்தார். மற்ற ஆறு நாளும் அரை வயிறாகக் கிடந்தார், சனிக்கிழமையை விடவில்லை.

"பிடிக்கலைன்னா எதுக்குங்க சாப்பிடுறீங்க?" என்றார் ஆலோசகர்.

"அவரால சாப்பிட முடியாதுல்ல. யாராவது சாப்பிட்டுச் சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்."

சிறுநீரகத்தை ஏன் கொடுக்கிறீர்கள் என்பது கடைசிக் கேள்வி. மனப்பாடம் செய்து வந்த பதில்களைக் கேட்டுக் கேட்டுத் தலைவிக்குக் காது புளித்திருந்தது. பிளம்பர் யோசிக்கவே இல்லை. ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவர் மெத்தையை அவரே தின்றுகொள்வார், தான் பக்கத்துத் தெருவுக்குப் போய் மனுஷன் தின்கிற பீட்சாவைத் தின்னலாம் என்றார்.

தலைவி கோப்பின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஒரு தாள் குறைந்தது. மச்சான் என்றால் தங்கையின் கணவர். அந்தத் தங்கை நேரில் வந்து ஒப்புதல் சொல்ல வேண்டும், வெளியே அவரைக் காணோமே என்றார்.

அவள் வரமாட்டாள் என்றார் பிளம்பர். வேறு நாட்டில் இருக்கிறாள். வேறு புருஷன், இரண்டு பிள்ளைகள். மச்சானை விவாகரத்து செய்து ஒன்பது வருடம் ஆகிறது.

மருத்துவர் புரட்டுவதை நிறுத்தினார்.

உறவில்லாதவர் கொடுப்பதென்றால் வேறு விண்ணப்பம், வேறு குழு, ஆறு மாதமாவது ஆகும் என்று ஆலோசகர் மெல்லச் சொன்னார். மச்சானுக்கு ஆறு மாதம் இருக்கிறதா என்று யாரும் மருத்துவரைக் கேட்கவில்லை.

"அப்போ, இன்னிக்கு அவரு உங்களுக்கு யாரு?" என்று தலைவி கேட்டார்.

பிளம்பருக்குக் கேள்வி பிடிபடவில்லை. நீதிபதியாக இருந்தவர் இதைப் போய்க் கேட்கிறாரே என்பது போலப் பார்த்தார்.

"விவாகரத்து அவங்க ரெண்டு பேருக்கும்தானேம்மா. எனக்கும் அவருக்கும் ஆகலையே."

தலைவி பேனா மூடியைத் திருகித் திறந்தார்.

பிறகு, உறவு என்று அச்சடித்திருந்த கட்டத்தில் 'மச்சான்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னார்.