ரெண்டு பஸ் தூரம்

காலி வீட்டின் கூடத்தில் ஜன்னல் வெயில் பாய் விரித்தாற்போல் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள் அந்த அம்மாள். வெளிநாட்டிலிருந்து குழந்தைகுட்டியோடு வரப்போகும் குடும்பத்துக்காகத் தரகர் காட்டும் நாலாவது வீடு இது.

"ஊரை விட்டுத் தள்ளியிருக்கு. அதான் வாடகை கைக்கு அடக்கம். பள்ளிக்கூடம் தெருமுனையிலதான்."

"குழந்தை இங்க உக்காந்து படம் வரையும்" என்றாள், வெயிலிடம் சொல்வதுபோல். பிறகு சட்டென்று திரும்பினாள். "வர்ற பொண்ணோட மாமியார் வீடு பழைய மார்க்கெட் பக்கம். இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"ரெண்டு பஸ் மாறணும்மா."

"அப்ப இதையே முடிச்சிடுங்க."

முந்தைய வீடுகளெல்லாம் ஏன் தட்டிப்போயின என்று தரகருக்கு இப்போதுதான் விளங்கியது. எல்லாமே மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரம். சிரித்துவிட்டார். "பொண்ணைப் பெத்தவங்களுக்குச் சம்பந்தியம்மான்னா அவ்வளவு பயமா?"

"நான் பையனைப் பெத்தவ. அந்த மாமியாரே நான்தான்."

தரகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பக்கத்துல இருந்தா தினமும் போய் நிப்பேன். 'எப்போ கிளம்புவாங்க'ன்னு மருமக மனசுக்குள்ள கேப்பா. தூரத்துல இருந்தா 'எப்போ வருவீங்க'ன்னு வாய்விட்டுக் கேப்பா."

சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் தெரிகிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.